ஆர்சி இல்லாமல் ஒரு ஓட்டம்

கோபாலபுரத்தில் ஆர்சி என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகிற ரோட்டில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் சோதனைச்சாவடி. தேங்காய் லோடு ஏற்றி வருகிற டிரைவருக்கு ஆர்சி புக் இருக்கிற இடம் கண்ணை மூடினாலும் தெரியும். அந்த ரோட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, 'நோஆர்சி' என்று ஒரு சொல்லைக் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டு, என்ன நடந்தது என்று புரியாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான் பக்கத்து வீட்டுப் பையன்.

"எல்லாம் போச்சுங்ணா. ஹிஸ்டரியே காணோம்."

"எதைப் பண்ணினே தம்பி?"

"ஒண்ணுமே பண்ணலீங்ணா. திறந்தேன். அவ்வளவுதான்."

அவன் சொன்னது பொய் இல்லை. திறந்ததுதான் அவன் செய்த வேலை.

அவனுடையது உபுண்டு லேப்டாப். கேரளத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைக்கு லினக்ஸ் புதிதில்லை. 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. அது 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. உபுண்டுவை அடியாக வைத்துச் செய்த லினக்ஸ்தான் அங்கே பாடத்துக்கு. தமிழ்நாட்டுப் பக்கம் இதே வயதுப் பிள்ளைகளில் பலர் விண்டோஸில் மவுஸ் பிடித்துப் பழக, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியில் படிக்கிறவனுக்கு லினக்ஸ் முதல் பழக்கம். இவன் அதிலும் ஒரு படி மேலே போய், கறுப்புத் திரையில் எழுத்தாலேயே எல்லா வேலையும் செய்கிற ரகம்.

அந்தக் கறுப்புத் திரைக்குள் நம்மிடம் பேசுகிற நிரலின் பெயர் ஷெல். பொள்ளாச்சிப் பக்கத்து ஆளுக்கு இதை விளக்கத் தேங்காய் போதும். உள்ளே இருக்கும் பருப்பு, கம்ப்யூட்டரை உண்மையில் நடத்துகிற மையம். அதற்குக் கெர்னல் என்று பெயர். அதைச் சுற்றிய கொட்டாங்கச்சி (எல்லை தாண்டினால் சிரட்டை) ஷெல். நாம் தொடுவதெல்லாம் ஓட்டைத்தான். நாம் அடிக்கிற கட்டளையை வாங்கி, புரிந்துகொண்டு, உள்ளே தள்ளிவிட்டு, பதிலை வெளியே கொண்டுவருவது அதன் வேலை. உபுண்டுவில் அந்த ஓட்டின் பெயர் பேஷ். பிரையன் ஃபாக்ஸ் என்பவர் க்னூ திட்டத்துக்காக எழுதி 1989இல் வெளியிட்டது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாக அதைப் பேணி வருபவர் செட் ரேமி.

இந்த ஓட்டுக்கு ஒரு ஞாபகம் உண்டு. மேல்நோக்கிய அம்புக்குறிச் சாவியை ஒரு தட்டுத் தட்டினால் கடைசியாக அடித்த கட்டளை வரும். இன்னொரு தட்டில் அதற்கு முந்தையது. கன்ட்ரோலையும் ஆரையும் சேர்த்து அழுத்தி இரண்டு மூன்று எழுத்து அடித்தால், போன மாதம் அடித்த நீளமான கட்டளை ஓடி வந்து நிற்கும். வருடக்கணக்கில் கணினியோடு வாழ்கிறவர்களுக்கு இது வீட்டுச் சமையற்குறிப்பு நோட்டு மாதிரி. எந்தப் படத்தை எந்த அளவுக்குச் சுருக்கினோம், எந்த இணைப்பை எப்படிப் பிடித்தோம் எல்லாம் அதில் இருக்கும். 1979இல் யூனிக்ஸோடு வந்த போர்ன் ஷெல்லுக்கு இந்த ஞாபகம் கிடையாது. பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்தான் பழைய கட்டளையைத் திரும்ப அழைக்கிற வழக்கத்தைப் பரப்பியது. இரண்டு ஆச்சரியக்குறி அடித்தால் போன கட்டளை மறுபடி ஓடும் என்ற குறும்பு அங்கிருந்து வந்தது. பேஷில் இன்றும் வேலை செய்கிறது.

பையனின் திரையில், இந்த ஞாபகம் சேர்கிற கோப்பின் வரிகளை எண்ணச் சொன்னேன். எண்ணிக்கை 500.

சரியாக 500. அதில்தான் எனக்குப் பொறி தட்டியது. வைரஸ் அழித்தால் முழுதாகப் போகும். டிஸ்க் கெட்டால் கன்னாபின்னாவென்று ஓர் எண் வரும். முழு எண்ணில் நின்றால் யாரோ அளவுகோல் வைத்து வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வெட்டியது யார் என்று புரிய, இந்த ஞாபகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு இடத்தில். ஒன்று, ஷெல் ஓடிக்கொண்டிருக்கும்போது நினைவகத்தில் இருக்கிற பட்டியல். இன்னொன்று, வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்குகிற பெயரோடு கண்ணில் படாமல் கிடக்கிற 'பேஷ் ஹிஸ்டரி' கோப்பு. கடைக்காரர் நாள் முழுக்க வாயால் கணக்கு வைத்துக்கொண்டு, ஷட்டர் இறக்கும்போது நோட்டில் எழுதுவது போலத்தான் பேஷ். ஜன்னல் திறந்ததும் கோப்பைப் படித்து நினைவுக்கு ஏற்றிக்கொள்ளும். அப்புறம் நாம் அடிக்கிறதெல்லாம் நினைவில் மட்டும். ஜன்னலை மூடும்போதுதான் அன்றைய வரிகள் கோப்புக்குப் போகும். மேசைக் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால், காலையிலிருந்து அடித்தது அத்தனையும் எழுதப்படாத கணக்கு. நிரலைக் 'கில் மைனஸ் ஒன்பது' போட்டு அடித்துச் சாய்த்தாலும் அதே கதி; சாகிற நேரத்தில் நோட்டு எழுத அவகாசம் கிடைக்காது. பெல் ஆய்வகத்தில் டேவிட் கார்ன் எழுதிய கார்ன் ஷெல் இதில் வேறு ஜாதி. ஒவ்வொரு கட்டளையையும் அடித்த கையோடு கோப்பில் எழுதிவிடும்.

இரண்டு இடம் என்பதால் அளவும் இரண்டு. நினைவில் எத்தனை வரி என்பதற்கு 'ஹிஸ்ட்சைஸ்', கோப்பில் எத்தனை வரி என்பதற்கு 'ஹிஸ்ட்ஃபைல்சைஸ்'. இவற்றை மாறிகள் என்பார்கள். பெயர் எழுதி ஒட்டிய டப்பாக்கள், உள்ளே ஓர் எண். உபுண்டுவில் முதல் டப்பாவில் 1000, இரண்டாவதில் 2000. ஒரு கட்டளை சராசரியாக 25 எழுத்து என்று வைத்தால் 2000 வரி என்பது 50,000 எழுத்து. வாட்ஸாப்பில் வருகிற காலை வணக்கப் படம் ஒன்று பெரும்பாலும் இதைவிட அதிக இடம் பிடிக்கும். இத்தனை சின்னப் பொருளுக்கு எதற்குக் கட்டுப்பாடு என்று கேட்கலாம். ஒரு மெகாபைட் என்பதே சொத்தாக இருந்த 1980களின் கணக்கு இது. கம்ப்யூட்டர் மாறிவிட்டது, கணக்கு மாறவில்லை.

ஆனால் 1000, 2000 என்பவை பேஷின் சொந்த எண்கள் இல்லை. அவை வெளியிலிருந்து ஒரு சீட்டில் வருகின்றன. அந்தச் சீட்டின் பெயர் 'பேஷ்ஆர்சி'. ஜன்னல் திறக்கும் ஒவ்வொரு முறையும் பேஷ் இந்தக் கோப்பை வரிவரியாகப் படித்து, அதில் சொன்னபடி தன்னைத் தயார்செய்துகொள்ளும். நிறம், சுருக்கப்பெயர்கள், ஞாபக அளவு எல்லாம் அதில்தான். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் பேஷ் தானாக வைத்துக்கொள்கிற எண் வேறு. 500.

ஆர்சி என்ற அந்த இரண்டெழுத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் சி.டி.எஸ்.எஸ். என்றொரு கம்ப்யூட்டர் அமைப்பு. பல பேர் ஒரே இயந்திரத்தை ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ள வழிசெய்த முன்னோடி. அங்கே லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர், கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து மொத்தமாக ஓடவிடும் நிரல் ஒன்று செய்தார். பெயர் 'ரன்காம்': கட்டளைகளை ஓட்டு என்பதன் சுருக்கம். அதன் முதல் எழுத்தும் நடுவிலிருக்கும் எழுத்தும்தான் ஆர்சி. ஷெல் என்ற பெயரைச் சூட்டியவரும் அதே பூசான். அறுபது வருடத்துக்கு முன் ஒருவர் வைத்த சுருக்கம், கோபாலபுரத்தில் லாரி டிரைவர் பாக்கெட்டில் இருக்கிற காகிதத்தோடு பெயர் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் வேலை ஏறக்குறைய ஒன்று. இந்த வண்டி எது, எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்வது.

ஷெல்லுக்குள் நுழைய வழிகள் பல, எல்லா வழியிலும் ஆர்சி கேட்பதில்லை. பேஷ் முதலில் பார்ப்பது, எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்பதை. ஆள் இருந்து அடித்துப் பேசுகிற ஓட்டத்துக்கு ஊடாட்டம் என்று பெயர். அப்படி இருந்தால் மட்டும் ஞாபகம் தானாக விழித்துக்கொள்ளும். ஒரு கோப்பில் எழுதிய கட்டளைத்தொகுப்பை ஓட்டினாலோ, 'மைனஸ் சி' போட்டு ஒரே ஒரு கட்டளையைக் கொடுத்து அனுப்பினாலோ, நடுராத்திரியில் கணினி தானாக ஏதேனும் வேலை செய்தாலோ, எதுவும் குறிப்பேட்டில் ஏறாது. வேண்டியதும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிற கட்டளை ஏறத் தொடங்கினால் ஒரே வாரத்தில் அது 2016 தடவை ஏறி, நம்முடையது அத்தனையையும் வெளியே தள்ளிவிடும்.

அடுத்த வாசல், லாகின். தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழைந்தால் பேஷ் ஆர்சியை நேரடியாகப் படிப்பதே இல்லை. 'ப்ரொஃபைல்' வகைக் கோப்புகளைத் தேடும். வீட்டுக் கோப்புறையில் மூன்று பெயர்களை வரிசையாகப் பார்த்து, முதலில் கிடைத்ததை மட்டும் படித்து, மற்றதை விட்டுவிடும். உபுண்டு தருகிற 'ப்ரொஃபைல்' கோப்பிலேயே 'ஆர்சியையும் படி' என்று எழுதியிருப்பதால் நமக்குத் தெரியாமல் வண்டி ஓடுகிறது. ஏதோ ஒரு மென்பொருளை நிறுவும்போது அது 'பேஷ் ப்ரொஃபைல்' என்று ஒரு புதுக் கோப்பை உண்டாக்கிவிட்டால் தீர்ந்தது. வரிசையில் அது முந்தி நிற்கும், பழையது படிக்கப்படாது, ஆர்சியும் படிக்கப்படாது, அளவு 500க்கு இறங்கும். யாரும் எந்த எண்ணையும் தொட்டிருக்க மாட்டார்கள்.

பையன் போனது இன்னொரு வாசல். ஆர்சி கோப்பின் கடைசியில் ஏதோ சுருக்கப்பெயர் எழுதப்போய், மேற்கோள்குறி ஒன்றை மூடாமல் விட்டிருக்கிறான். ஜன்னல் திறக்கும்போதெல்லாம் பிழைச்செய்தி. ஆர்சியைப் படிக்காமல் திறந்து பார், பிழை ஆர்சியில்தானா என்று தெரிந்துவிடும் என்று எங்கோ பார்த்திருக்கிறான். யோசனை சரியானதுதான். அதற்கென்றே ஒரு தொடக்கத் தெரிவு இருக்கிறது. தொடக்கத் தெரிவு என்றால், நிரலைக் கூப்பிடும்போதே அதன் பெயரோடு ஒட்டிக் கொடுக்கிற குறிப்பு. பேஷ், ஓர் இடைவெளி, இரண்டு கோடு, நோஆர்சி. திறந்திருந்த ஜன்னலிலேயே அடித்தான். பேஷுக்குள் ஒரு குட்டி பேஷ் பிறந்தது.

குட்டிக்குத் தாயின் எண்கள் தெரியாது. தாய் தன் மாறிகளைப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப 'எக்ஸ்போர்ட்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். உபுண்டுவின் ஆர்சி ஞாபக அளவுகளுக்கு அதைச் சொல்வதில்லை. ஆக குட்டிக்கு வழக்கமான 500. கோப்புக்கு எவ்வளவு என்று எங்கும் சொல்லாததால், நினைவுக்கு உள்ள அதே 500 கோப்புக்கும். ஆனால் எந்தக் கோப்பு என்பதில் மட்டும் தாய்க்கும் குட்டிக்கும் ஒரே விலாசம். முதல் வரி அடிக்க இடம் காட்டுவதற்கு முன்னாலேயே குட்டி பேஷ் அந்தப் பொதுக் கோப்பைத் திறந்து, 500 வரிக்கு மேலே இருப்பதைப் பழசிலிருந்து கத்தரித்துவிட்டது. ஒன்றரை வருடமாகப் புழங்குகிற லேப்டாப். 2000 வரியும் நிரம்பியிருக்கும். 1500 வரி, கண் இமைக்கும் நேரத்துக்குள். 'அழிக்கட்டுமா' என்று ஒரு கேள்வி இல்லை.

பேஷின் கையேட்டில் இது ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது: கோப்பின் அளவைச் சொல்லும் மாறிக்கு மதிப்பு ஏறும்போது, தேவைப்பட்டால் கோப்பு வெட்டப்படும். ஒரு எண்ணைச் சொல்வது என்பதே அங்கே ஒரு கத்தி வீச்சு. வடிவமைப்பு என்ற வகையில் எனக்கு இது பிடிக்கவில்லை. திறக்கிற சாவி பூட்டையும் அறுக்கக் கூடாது. ஸீ ஷெல்லைப் பாருங்கள். பால் ஃபால்ஸ்டாட் 1990இல் எழுதி, இன்று ஆப்பிள் மேக் கணினிகளில் வருவது. அதை ஆர்சி இல்லாமல் திறந்தால், எந்தக் கோப்பில் எழுதுவது என்றே யாரும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டு எதையும் எழுதாமல் இருந்துவிடும். சீட்டில்லாத வண்டிக்குக் கணக்கில்லை. பழைய கணக்கைத் தொடுவதும் இல்லை. பேஷையே 'போசிக்ஸ்' என்ற தெரிவோடு திறந்தால், அது ஆர்சியைப் படிக்காது, ஆனால் வேறு பெயரில் தனிக் குறிப்பேடு போட்டுக்கொள்ளும். பழையது பத்திரமாக இருக்கும். இந்த மூன்றில் நோஆர்சி வாசலில் மட்டும்தான் புது ஆளிடம் பழைய நோட்டும் கத்தரியும் சேர்ந்து கிடைக்கின்றன.

இதில் வெட்டைவிட மோசமான ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. உபுண்டுவில் ஒரு கட்டளைக்கு முன்னால் ஒரே ஒரு இடைவெளி விட்டு அடித்தால் அது குறிப்பேட்டில் ஏறாது. கடவுச்சொல் கலந்த கட்டளைகளை அப்படித்தான் அடிப்பார்கள். இந்த மரியாதை பேஷின் இயல்பு இல்லை. 'ஹிஸ்ட்கன்ட்ரோல்' என்ற மாறியில் 'இக்னோர்போத்' என்று ஆர்சி எழுதி வைத்திருப்பதால் வருவது. ஆர்சி இல்லாமல் நுழைந்தால் அதுவும் இல்லை. விரல் பழக்கத்தில் இடைவெளி விட்டு அடித்த கடவுச்சொல், இடைவெளியோடேயே கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே கை, ஒரே விசை, வாசல் மட்டும் வேறு.

"அப்ப 1500 வரியும் போனது போனதுதானுங்களா?"

லேப்டாப்பை மூடித் தூக்கி வந்தானே தவிர, ஜன்னலை அவன் மூடவில்லை. அதுதான் அவன் அதிர்ஷ்டம். வரியின் தொடக்கத்தில் அவன் பெயர் தெரிய வேண்டிய இடத்தில் 'பேஷ்-5.1' என்று மொட்டையாக நின்றது. ஆர்சி இல்லாத ஷெல்லின் முகம் அது. அதாவது இன்னும் குட்டிக்குள்தான் இருக்கிறோம். கீழே தாய் பேஷ் உயிரோடு காத்திருக்கிறது. அது காலையில் திறந்தபோதே கோப்பைப் படித்து, தன் அளவான 1000 வரியை நினைவில் வைத்திருக்கும். அதை அப்படியே மூடினால் காப்பாற்றாது. உபுண்டுவின் ஆர்சியில் 'ஹிஸ்ட்அப்பெண்ட்' என்று ஒரு வரி உண்டு. மூடும்போது கோப்பை மேலெழுதாமல், இந்த ஜன்னலில் புதிதாக அடித்ததை மட்டும் கடைசியில் சேர் என்று அதற்கு அர்த்தம். இரண்டு மூன்று ஜன்னல் திறந்து வேலை செய்கிறவர்களுக்கு அது தெய்வம்; ஒன்று மூடும்போது இன்னொன்றின் எழுத்தை அழிக்காது. இன்றைக்கு அதுவே வில்லன். தாய் தன் புது வரி நான்கைந்தைச் சேர்த்துவிட்டு, நினைவிலிருந்த ஆயிரத்தை அப்படியே கொண்டுபோய்விடும்.

"எக்ஸிட் அடி. ஜன்னலை மூடாதே, எக்ஸிட் மட்டும்."

அடித்தான். குட்டி போனது, அவன் பெயர் திரும்ப வந்தது. அடுத்து 'ஹிஸ்டரி', இடைவெளி, 'மைனஸ் டபிள்யூ' என்று அடிக்கச் சொன்னேன். நினைவில் இருக்கிற மொத்தப் பட்டியலையும் இப்போதே கோப்பில் எழுது என்று அதற்குப் பொருள். ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. இந்த உலகத்தில் சரியாக நடந்த வேலைக்குச் சத்தம் கிடையாது. வரியை எண்ணினான். 1000.

பாக்கி ஆயிரத்துக்கு வழியில்லை. பத்தாம் வகுப்பு லீவில் முதன்முதலாக அடித்துப் பழகியதெல்லாம் அதில்தான் இருந்திருக்கும். அவனுக்கு வருத்தம்தான்.

இனி நடக்காமல் இருக்க ஆர்சியில் இரண்டு மாற்றம் செய்தோம். இரண்டு அளவுகளுக்கும் மைனஸ் ஒன்று. பேஷ் 4.3 பதிப்பிலிருந்து சுழிக்குக் கீழே எண் கொடுத்தால் வெட்டே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் அது மட்டும் போதாது. ஆர்சியைப் படிக்காமல் வருகிற குட்டிக்கு அந்த மைனஸ் ஒன்றும் தெரியாதே. ஆகவே குறிப்பேட்டின் பெயரையே மாற்றினோம். 'ஹிஸ்ட்ஃபைல்' என்ற மாறியில் புதுப் பெயர். ஆர்சி இல்லாமல் வருகிறவன் பழைய விலாசத்துக்குப் போய், அங்கே இருக்கிறதைக் கத்தரித்துக்கொண்டு போகட்டும். பழைய கோப்பை அங்கேயே விட்டு, ஒரு நகலைப் புது இடத்துக்கு எடுத்தோம். மூடாத மேற்கோள்குறியையும் கண்டுபிடித்து மூடினான்.

புது ஜன்னல் திறந்தான். பிழைச்செய்தி இல்லை. கன்ட்ரோலையும் ஆரையும் சேர்த்து அழுத்தி, 'எஃப்எஃப்எம்' என்று அடித்தான். போன மாதம் மாரியம்மன் நோன்பு வீடியோவை வாட்ஸாப்பில் அனுப்புகிற அளவுக்குச் சுருக்கிய கட்டளை, திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்டு, அத்தனை எண்ணும் புள்ளியும் பிசகாமல் வந்து நின்றது.